தண்ணீர் ஒட்டாத துணி: பிராசஸிங் மாஸ்டர் பதில்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடுகிறது. கோடையில் ‘சாயம் வெளுத்தது’, ‘வேட்டி பழுப்பேறியது’ என்று எழுதியவர்கள் இப்போது ‘நனைகிறது’ என்றும் ‘நனைய மாட்டேன் என்கிறது’ என்றும் எழுதுகிறார்கள். இந்த முறை, துணியில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் போடும் சிலிகான் எமல்ஷன் தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மதுரைப் பக்கத்து ஆலைகளில் 31 ஆண்டுகள் பிராசஸிங் பிரிவில் நின்றவன். பதிலில் கொஞ்சம் ஆலை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறேன். கெட்டுப்போன வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெயரோடு அச்சேற விரும்புவதில்லை.

மகளிர் தையல் குழு, மேலூர்: ஐயா, நாங்கள் பதினொரு பேர் மஞ்சப்பை தைக்கிறோம். செல்லூரில் காடாத்துணி வாங்கி, வெந்நீரில் அலசி, நாங்களே மஞ்சள் சாயம் ஏற்றி ஃபிக்ஸர் போடுகிறோம். மழையில் பை நனைந்து உள்ளே இருக்கும் பொட்டலம் ஊறிப்போகிறது என்று கடைக்காரர் குறைபட்டார். கெமிக்கல் கடையில் கேட்டதற்கு, சிலிகான் எமல்ஷன் என்று பால் போல ஒன்றைக் கொடுத்தார்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, 40 பைகளை முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்தினோம். சில பைகளில் எண்ணெய்த் திட்டு விழுந்தது. மற்றவை பழையபடியே நனைகின்றன. போட்ட பணம் வீண்தானா?

பதில்: வீணில்லை அம்மா. அளவுக்கு மீறி ஊற்றியதுதான் வீண். நீங்கள் அனுப்பிய மூன்று பைகளும் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றைக் கத்தரித்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

முதலில் மருந்துக்கடை அயோடினில் ஒரு சொட்டை எடுத்துத் துணியின் மேல் விட்டேன். மஞ்சள் மறைந்து அந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. கஞ்சி இருக்கிறது என்று பொருள். தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெந்நீரில் அலசினால் அது போய்விடும் என்று நினைத்துவிட்டீர்கள். மாவுக் கஞ்சி அவ்வளவு எளிதில் போகாது. அதற்கு மேல், பருத்தி இழையிலேயே பிறவி மெழுகு கொஞ்சம் உண்டு. அந்த மெழுகு உங்கள் எமல்ஷனை இழைக்குள் சீராக இறங்கவிடவில்லை. இறங்கிய இடத்திலோ சிலிகான் போய் உட்கார்ந்தது கஞ்சியின் மேல். கஞ்சி தண்ணீரைக் கண்டால் ஊதும். அது ஊதியதும் மேலே இருக்கும் சிலிகான் படலம் விரிசல் விட்டுவிடும். சுண்ணாம்பு உதிரும் சுவரில் பெயின்ட் அடித்த கதைதான்.

இந்தத் தொழிலில் சேர்ந்த புதிதில் எனக்கும் இது தலைகீழாகத்தான் தோன்றியது. தண்ணீர் ஒட்டக்கூடாத துணியை ஏன் முதலில் இவ்வளவு தண்ணீர் குடிக்கும்படி செய்கிறார்கள் என்று கேட்டேன். நன்றாகக் குடிக்கும் துணிதான் பின்னால் நன்றாக மறுக்கும் என்றார் எனக்குக் கற்றுக்கொடுத்த மாஸ்டர். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். தண்ணீர் எங்கே போகிறதோ அங்கேதான் துளியும் போகும். தண்ணீர் ஏறாத இடத்துக்கு அது எப்படிப் போகும்?

ஆகவே அடுத்த முறை சாயத்துக்கு முன்பே துணியைத் தயார்செய்யுங்கள். கஞ்சி நீக்கும் என்சைம் என்று கேட்டால் அதே கடையில் கிடைக்கும். 60 டிகிரி அளவில், அதாவது கை வைக்க முடியாத சூட்டில், ஒரு மணி நேரம் ஊறட்டும். பிறகு லிட்டருக்கு 5 கிராம் சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவையுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம், வீட்டு முற்றத்தில் அதைக் கொதிக்கவைப்பது ஆபத்து. அலசி உலர்த்திய துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். ஐந்து எண்ணுவதற்குள் சொட்டு உள்ளே போய்விட வேண்டும். மேலே உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள்.

எண்ணெய்த் திட்டுக்கு ஃபிக்ஸர்தான் காரணம் என்று நினைக்கிறேன். சாயம் நிற்பதற்காக நீங்கள் போடும் ஃபிக்ஸர் நேர்மின்சுமை உடையது. எமல்ஷனில் எண்ணெய்த் துளிகளைப் பிரித்து வைத்திருக்கும் பொருள் சில வகைகளில் எதிர்மின்சுமை உடையதாக இருக்கும். இரண்டும் சந்தித்தால் பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் திரிந்துவிடும். துளிகள் ஒன்றாகச் சேர்ந்து துணியில் திட்டாக விழும், துவைத்தாலும் போகாது. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரின் உப்பும் இதே வேலையைச் செய்யக்கூடும். சோதிப்பது எளிது. கண்ணாடி டம்ளரில் கலக்கிய எமல்ஷனோடு, சாயத் துணியை அலசிய கடைசித் தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். மேலே ஆடையோ துகளோ மிதந்தால் துணியை இன்னும் அலச வேண்டும், அல்லது மின்சுமை இல்லாத வகை எமல்ஷன் கேட்டு வாங்க வேண்டும்.

இனி அளவு. கடையில் வரும் எமல்ஷனில் பெரும்பாலும் 100-க்கு 35 அல்லது 40 பங்குதான் சிலிகான், மீதி தண்ணீர். அதை லிட்டருக்கு 50 கிராம் கலந்தால் போதும். கணக்கைப் பாருங்கள்: 1 கிலோ உலர்ந்த துணியை முக்கிப் பிழிந்தால் 700 கிராம் கலவை அதில் தங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் எமல்ஷன் 35 கிராம், சிலிகான் 14 கிராம். துணி எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கூட இல்லை, இதுவே தாராளம். நீங்கள் போட்டது இதைப்போல் பத்து மடங்கு. கூடப் போட்டால் கூட வேலை செய்யும் என்று சமையலில்கூடச் சொல்ல மாட்டோம். சிலிகான் மூலக்கூறு தன் ஆக்சிஜன் பக்கத்தை இழைமேல் பதித்து, மெத்தில் பக்கத்தை, அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பக்கத்தை, வெளியே நீட்டிக்கொண்டு படுக்கும். தண்ணீரைத் தள்ளுவது அந்த மெத்தில் பக்கம். ஒரு வரிசை படுத்த பின் அதன் மேல் இன்னொரு வரிசை தலைகீழாகப் படுத்தால், தண்ணீருக்குப் பிடித்த பக்கம் வெளியே வந்துவிடும். அதனால்தான் அதிகமாகப் போட்ட துணி குறைவாகப் போட்டதைவிட மோசமாக நனைகிறது.

கையால் பிழிவதில் ஒரு பை தன் எடையில் நூற்றுக்கு 70 பங்கும் இன்னொன்று 120 பங்கும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். வாஷிங் மெஷினின் சுழற்றும் தொட்டியில் போட்டு, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் துணி 170 கிராம் வரும்வரை சுழற்றலாம். பையாகத் தைத்த பிறகு முக்காமல், துணியாக இருக்கும்போதே முக்குவது நல்லது. மடிப்பும் தையலும் சேரும் இடத்தில் கலவை தேங்கி நிற்கும்.

கடைசியாக, சூடு. நிழலில் உலர்த்தினோம் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். நிழலில் தண்ணீர் போகும், அவ்வளவுதான். சிலிகான் ஒன்றோடொன்று கைகோத்து இழையைச் சுற்றி வலையாக இறுக ஆலையில் 150 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் ஸ்டெண்டரில், அதாவது துணியை விரித்துப் பிடித்துச் சூடு காட்டும் இயந்திரத்தில், ஓட்டுவோம். அதற்கு முன் கலவையில் ஒரு வினையூக்கி சேர்ப்போம், பெரும்பாலும் ஜிர்கோனியம் உப்பு. மதுரைச் சித்திரை வெயிலே 40 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும், ஐப்பசி நிழல் எந்த மூலைக்கு? கொஞ்சம் பைகள் என்றால் உலர்ந்த பிறகு இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கான சூட்டில் வைத்து, ஒவ்வோர் இடமும் மொத்தம் ஒன்றிரண்டு நிமிடம் சூடு வாங்கும்படி மெல்ல நகர்த்துங்கள். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். 500 பை என்று ஆர்டர் வந்தால் இஸ்திரி எடுபடாது. ஸ்டெண்டர் வைத்திருக்கும் பிராசஸிங் ஆலையில் கூலிக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, மறந்துவிட்டேன். கடையில் ‘சிலிகான்’ என்று மட்டும் கேட்டால் துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதுவும் எமல்ஷன்தான், ஆனால் உங்கள் வேலைக்கு ஆகாது. ‘நீர் விலக்கு வகை, மெத்தில் ஹைட்ரஜன் சிலிகான்’ என்று சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேனைச் சோடா, காஸ்டிக் பக்கம் வைக்காதீர்கள். நான் பார்த்த ஓர் ஆலையில் மீந்த எமல்ஷனை, காஸ்டிக் இருந்த பிளாஸ்டிக் கேனைச் சரியாகக் கழுவாமல் அதில் ஊற்றி இறுக மூடிவிட்டுப் போனார் ஓர் உதவியாளர். காலையில் வந்து பார்த்தால் கேன் ஏழு மாதக் கர்ப்பிணி போல் வயிறு தள்ளி நிற்கிறது. காரம் பட்டால் அந்தச் சிலிகானிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைக்காமல் இருந்தது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம். வினையூக்கி சேர்த்த கலவையையும் மறுநாளுக்கு வைக்காதீர்கள், அன்றைய கலவை அன்றைக்கே தீர வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் பை தூறலைத் தாங்கும், அடைமழையைத் தாங்காது. அதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வடை, போண்டா போன்றவற்றை நேராக உள்ளே போட்டு எடுத்துச் செல்லும் பைகளுக்கு இந்த வேலையே வேண்டாம்.

பூ வியாபாரி, மாட்டுத்தாவணி: மல்லிகைக் கூடையை மூடப் புதிதாகக் காடாத்துணி ஆறு மீட்டர் வாங்கினேன். தண்ணீரில் முக்கினால் மேலாக மிதக்கிறது, நனையவே இல்லை. சிலிகான் போட்டு ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை அண்ணாச்சி. மேலூர்க்காரர்களுக்குச் சொன்னேனே பிறவி மெழுகு, அதுதான் இது. பருத்திச் செடி தன் இழைக்குத் தானே பூசிய மேற்பூச்சு. இழை எடையில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும், இருந்தாலும் பச்சைப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதக்கவைக்க அதுவே போதும். அந்தக் குழுவுக்குப் பிரச்சினையாக இருக்கும் அதே துணி உங்களுக்கும் பிரச்சினையாக இருப்பதுதான் வேடிக்கை. அவர்களுக்கு நனைகிறது, உங்களுக்கு நனையவில்லை. சோடா போட்டு ஒருமுறை நன்றாக வேகவைத்து அலசுங்கள். இல்லையென்றால் புதுத்துணி வாங்குவதை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் பழைய வேட்டியைக் கிழித்துப் போடுங்கள். நூறு முறை துவைத்த வேட்டியைப் போலத் தண்ணீர் பிடிக்கும் துணி உலகில் கிடையாது.

குடும்பத்தலைவி, தெற்கு மாசி வீதி: மகள் கல்யாணப் பட்டுச் சேலைக்குச் சிலிகான் ஸ்பிரே அடித்தால் பந்தியில் சாம்பார் கொட்டினாலும் கறை படாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: தண்ணீர் கொட்டினால் கறை படாது, ரசம் கொட்டினால் பாதி தப்பிக்கும், சாம்பார் கொட்டினால் தப்பாது. சாம்பாரில் தண்ணீர் மட்டுமா இருக்கிறது? மேலே மிதக்கிறதே தாளித்த எண்ணெய், அதுதான் எதிரி.

ஒவ்வொரு திரவத்துக்கும் தன்னை உருண்டையாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஒரு வலு உண்டு. பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். தண்ணீருக்கு அது 72 என்றால் சமையல் எண்ணெய்க்கு 30-க்கு மேல் கொஞ்சம்தான். சிலிகான் பூசிய பரப்பின் எண் 22-ஐ ஒட்டி இருக்கும். இடைவெளி பெரிதாக இருந்தால் துளி முத்தாக நிற்கும். எண்ணெய்க்கும் சிலிகானுக்கும் இடையில் அவ்வளவு இடைவெளி இல்லை, ஆகவே எண்ணெய் மெல்லப் பரவி இழைகளுக்குள் ஏறிவிடும். ஏறிய பிறகு இன்னொரு தொல்லை. சிலிகான் எண்ணெய்ப் பசையை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். துவைக்கும் தண்ணீரையோ உள்ளே விடாது. சும்மா இருந்த பட்டில் விழுந்த எண்ணெயை எடுப்பதைவிட இதை எடுப்பது கடினம்.

பட்டுக்கு 150 டிகிரி சூடும் கொடுக்க முடியாது, ஆகையால் அடித்த ஸ்பிரே நீடிக்கவும் போவதில்லை. முன்கொசுவத்தின் உள்முனையில் ஒரு சொட்டு அடித்துப் பார்க்கலாம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பந்தியில் உட்காரும்போது மடியில் ஒரு பெரிய துண்டை விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பள்ளி ஆசிரியர், உசிலம்பட்டி: சிலிகான், சிலிக்கான், சிலிக்கா மூன்றும் ஒன்றா? மாணவர்கள் குழப்புகிறார்கள்.

பதில்: மாணவர்கள் மட்டுமா, கடைக்காரர்களும் குழப்புகிறார்கள், இந்தப் பத்தியில் நானும் கடை வழக்கைத்தான் பின்பற்றுகிறேன். வைகை மணலில் மின்னுவது சிலிக்கா. அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தால் வரும் தனிமம் சிலிக்கான், கணிப்பொறிச் சில்லுக்குப் போவது. அந்தத் தனிமத்தையும் ஆக்சிஜனையும் மாறி மாறிக் கோத்துச் சங்கிலியாக்கி, பக்கவாட்டில் மெத்தில் தொகுதிகளைத் தொங்கவிட்டால் அது சிலிகோன். சந்தையில் சிலிகான் என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள்.

சிலிகோன் என்று பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருந்த வேதியியலாளர் பிரடெரிக் கிப்பிங். பல ஆண்டுகள் இதிலேயே உழன்றவர், ஆனால் குடுவையில் மிஞ்சிய பிசுபிசுப்பால் பெரிய பயன் எதுவும் வரும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. 1940-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் யூஜின் ரோச்சோ, சிலிக்கானோடு மெத்தில் குளோரைடைச் செம்பின் துணையால் நேராக வினைபுரியவைத்து, சிலிகோனின் மூலப்பொருளான மெத்தில் குளோரோசிலேனை மொத்தமாகச் செய்ய வழி கண்டார். அதே ஆய்வகத்தின் வின்டன் பேட்னோட், மெத்தில் குளோரோசிலேன் ஆவி பட்ட வடிதாளில் தண்ணீர் ஏறாமல் உருள்வதைக் கண்டுகொண்டார். உங்கள் வகுப்புக்கு இது நல்ல கதை. தாளும் பருத்தியும் ஒரே செல்லுலோஸ்தானே, பிறகு ஏன் துணியை அந்த ஆவியில் காட்டவில்லை என்று மாணவர்களைக் கேளுங்கள். விடை: அந்த ஆவி ஈரத்தோடு சேரும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும், பருத்தியைத் தின்றுவிடும். அமிலம் இல்லாமல் அதே சட்டையைத் துணிக்கு மாட்டிவிடத்தான் எமல்ஷன் வந்தது.

மருந்து விற்பனைப் பிரதிநிதி, திருமங்கலம்: தினமும் மதுரைக்கு இரு சக்கர வாகனத்தில் போகிறேன். ‘வாட்டர்புரூஃப்’ என்று விற்ற ஜெர்கின் முதல் மழையில் நன்றாக இருந்தது. நான்கு முறை துவைத்த பிறகு பத்து நிமிட மழையிலேயே தோளும் மடியும் ஈரமாகின்றன.

பதில்: தம்பி, உங்களுக்கு விற்கப்பட்டது தண்ணீர் ஒட்டாத துணி. நீங்கள் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருப்பது தண்ணீர் புகாத துணி. சிலிகான் போட்ட துணி ஓலைக் கூரை மாதிரி. ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே ஆயிரம் ஓட்டை உண்டு, காற்று வரும் போகும், இருந்தாலும் சாய்வாக வேய்ந்திருப்பதால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். அதே கூரையைத் தட்டையாகப் போட்டுத் தண்ணீரைத் தேக்கினால் ஒழுகும். வண்டியில் உட்கார்ந்தால் உங்கள் மடி குளம். தோளிலோ பையின் வார் துணியை அழுத்துகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வந்து மோதும் மழை நெஞ்சுப் பக்கத்தை அழுத்துகிறது. அழுத்தம் வந்தால் ஓட்டை வழிவிடும். தண்ணீர் புகவே கூடாது என்றால் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒரு முழுப் படலம் வேண்டும், ஸ்காட்லாந்துக்காரர் மேக்கின்டாஷ் 1823-இல் செய்தது போல. அதைப் போட்டால் உள்ளே வியர்வையில் நனைவீர்கள். எந்த நனைவு வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் பொறுப்பு.

தையல் ஓரங்களையும் பாருங்கள். ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு ஜன்னல். பருத்தி நூலால் தைத்திருந்தால் அந்த நூலே விளக்குத் திரி போலத் தண்ணீரை உள்ளே இழுக்கும். மதுரை ஹார்வி நூற்பாலையின் சங்கு கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு நூலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு செய்தி: தையல் நூலுக்கும் சிலிகான் போடுவதுண்டு. அது மழைக்காக இல்லை, வேகமாக ஓடும் ஊசி சூடேறி நூல் அறாமல் வழுக்கிப் போவதற்காக.

இனி, நான்கு துவையலில் என்ன நடந்தது? சிலிகான் முழுவதும் போயிருக்காது. பாலியெஸ்டரில் அது பருத்தியைவிட நன்றாகவே நிற்கும், ஏனென்றால் இழை தண்ணீரில் ஊதுவதில்லை. என் சந்தேகமெல்லாம் சோப்பின் மேல்தான். சோப்பின் வேலையே தண்ணீரை இழைக்குள் நுழைய வைப்பது. அலசலில் மிஞ்சிய துளிச் சோப்பு போதும், அத்தனை சிலிகானையும் வாயடைக்க.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 1980-களில் நான் இரவு ஷிஃப்ட் பார்த்த ஓர் ஆலையில் கறுப்புக் குடைத்துணி இரண்டாயிரம் மீட்டர் ஓட்டினோம். சிலிகான் சரி, வினையூக்கி சரி, ஸ்டெண்டர் சூடு சரி. காலையில், தண்ணீர் தெளித்துப் பார்க்கும் ஷவர் சோதனையில், துணி முழுக்க நனைந்துவிட்டது. எமல்ஷன் கொடுத்த கம்பெனிக்காரரை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். ஆய்வகத்தில் வேலை பார்த்த பையன் ஒன்றும் பேசாமல், சிலிகானுக்குப் போகுமுன் எடுத்து வைத்த துணியில் ஒரு சாண் கத்தரித்து, சுத்தமான தண்ணீர் இருந்த பாட்டிலில் போட்டு, மூடி, சோடா பாட்டிலைப் போலக் குலுக்கி மேசைமேல் வைத்தான். மூன்று விரல் உயரத்துக்கு நுரை. யாரும் பேசவில்லை. சாயத்துக்குப் பின் சோப்பு போட்டவர்கள் நீராவி மிச்சம் பிடிக்கக் கடைசி இரண்டு அலசலை விட்டிருந்தார்கள், கையெழுத்துப் போட்டது நான். அந்த இரண்டாயிரம் மீட்டரைத் திரும்ப அலசி, திரும்ப ஓட்டி முடிக்க அடுத்த இரண்டு இரவுகள் போயின.

ஆகவே ஜெர்கினைச் சோப்பே இல்லாமல் நான்கு வாளித் தண்ணீரில் அலசுங்கள், நுரை நிற்கும்வரை. வாசனைக்காக ஊற்றும் துணி கண்டிஷனரைத் தொடவே தொடாதீர்கள். காய்ந்த பிறகு மேலே ஒரு பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி வையுங்கள். பிறகு வீட்டிலேயே ஷவர் சோதனை செய்து பார்க்கலாம். எம்பிராய்டரி வளையத்தில் துணியை இறுக்கி, பலகையில் 45 டிகிரி சாய்வாக வைத்து, 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பூவாளியால் 250 மில்லி தண்ணீரை அரை நிமிடத்தில் ஊற்றி, வளையத்தை இரண்டு தட்டு தட்டுங்கள். ஒரு சொட்டும் ஒட்டாவிட்டால் 100 மதிப்பெண், துளி விழுந்த இடங்கள் மட்டும் நனைந்தால் 80, மேற்பக்கம் முழுக்க நனைந்தால் 50. இந்தியாவிலும் வெளியிலும் ஆலைகள் செய்வது ஏறக்குறைய இதேதான், கருவி மட்டும் அழகாக இருக்கும். 80-க்குக் கீழே வந்தால் மறுபடி ஒரு ஸ்பிரே வாங்கி அடிக்கலாம்.

ஓய்வுபெற்ற தபால்காரர், சோழவந்தான்: தாமரை இலைத் தண்ணீரும் இதே சங்கதிதானே?

பதில்: பாதி. இலையின் மேல் மெழுகு உண்டு, அது சிலிகானின் வேலையைச் செய்கிறது. கூடவே கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களும் உண்டு. துளி மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு, அடியில் காற்றை மெத்தையாக வைத்து உருள்கிறது. வழவழப்பான கண்ணாடியில் சிலிகான் பூசினால் துளி தாமரை இலையில் நிற்பதுபோல் அவ்வளவு உருண்டையாக நிற்காது. நெசவுத்துணியில் நூல் மேடும் இழைப் பிசிறும் இருப்பதால் கண்ணாடியைவிடக் கொஞ்சம் மேல். உங்கள் ஊர்ப் பக்கம் சேப்பங்கிழங்கு இலை கிடைக்குமே, அதிலும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

வேதியியல் மாணவி, மதுரை: எண்ணெயையும் தள்ளும் ஃபுளோரின் சேர்மங்கள் இருக்கும்போது இன்னும் ஏன் சிலிகான்?

பதில்: ஃபுளோரோகார்பன் பூச்சின் பரப்பு எண் சிலிகானுக்கும் கீழே போகும், அதனால் சாம்பார் எண்ணெயும் உருளும். என் காலத்தில் அதை அதிசயமாகப் பார்த்தோம். ஆனால் நீளச் சங்கிலி வகைகளோடு தொடர்புடைய ஃபுளோரின் சேர்மங்களான பி.எஃப்.ஓ.எஸ். 2009-இலும், பி.எஃப்.ஓ.ஏ. 2019-இலும், அழியாத நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தன. மண்ணிலும் நீரிலும் உடம்பிலும் அழியாமல் தங்குவதுதான் குற்றம். அதனால் மெழுகும் சிலிகானும் மறுபடி மேசைக்கு வந்திருக்கின்றன. சிலிகான் மட்டும் புனிதம் என்று எழுதிவிடாதே. மீந்த எமல்ஷனை வாய்க்காலில் கவிழ்த்தால் மீன்களுக்கு ஆகாது.

குடும்பத்தலைவி, அழகர்கோவில் சாலை: சென்ற இதழில், புதுத் துண்டு ஈரம் உறிஞ்சவில்லை என்றதற்குச் சோடா போட்டுக் கொதிக்கவைக்கச் சொன்னீர்கள். செய்தேன். இப்போது உறிஞ்சுகிறது. ஆனால் கரும்பச்சைத் துண்டு வெளிர்பச்சை ஆகிவிட்டது. அதோடு சேர்த்துப் போட்ட என் கணவரின் வேட்டியும் பச்சை.

பதில்: என் தவறு, அம்மா. கடையில் தொட்டுப் பார்க்கும்போது பஞ்சு போல இருக்கட்டும் என்று துண்டுக்குச் சிலிகான் சாஃப்ட்னர் போடுகிறார்கள். அது தண்ணீரைத் தடுக்கிறது. அதைக் குறைக்கச் சோடா வெந்நீர் என்று சொன்னேனே தவிர, துண்டு என்ன நிறம் என்று கேட்க மறந்தேன். சாயத் துண்டு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கைந்து முறை துவைத்தாலே படிப்படியாகச் சரியாகிவிடும். துண்டு போனது போனதுதான்.

வேட்டியைக் காப்பாற்றலாம். சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் என்று ஒன்று வைத்திருப்பார்கள், வெள்ளைத் துணியில் ஏறிய சாயத்தை வெளுத்துவிடும். ஆனால் அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும், இந்த முறை கேட்டுவிட்டே சொல்கிறேன்: வேட்டிக்குக் கரை உண்டா? உண்டென்றால் சாயக்கரையா, ஜரிகையா? ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதுவரை வேட்டிக்கு இஸ்திரி வைக்க வேண்டாம்.